சுப்பராயன்: பனியன் ஊர் எம்.பி.யால் என்ன செய்ய முடியும்?

திருப்பூர் மாவட்டத்தின் 8 சட்டமன்றத் தொகுதிகள் 5 மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. பல்லடம் கோவையில், அவிநாசி நீலகிரியில். திருப்பூர் எம்.பி.க்கு மிச்சம் வடக்கும் தெற்கும்தான். பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி எல்லாம் ஈரோடு பக்கம். பனியன் கம்பெனிக்கும் மஞ்சள் காட்டுக்கும் ஒரே எம்.பி.!

அந்த எம்.பி., இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே.சுப்பராயன். 1996-ல் திருப்பூர் எம்.எல்.ஏ. 2004-ல் கோவையில் அவர் தோற்கடித்தது, திருப்பூர்க்காரரும் இன்றைய துணை ஜனாதிபதியுமான சி.பி.ராதாகிருஷ்ணனை. 2019-ல் 93 ஆயிரம், 2024-ல் 1.25 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் திருப்பூரில் ஜெயித்தார்.

தொழிற்சங்க அரசியல்வாதிக்குத் தொழிலாளர் பிரச்சினைதான் முதலில். ஆனால் 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்க வரி 50 சதவீதமானபோது முதலாளிக்கும் அதே கவலை. ஆர்டர் நின்றால் ஷிப்ட் குறையும்; பீஸ் ரேட் டெய்லரின் சனிக்கிழமை சம்பளம் அடிபடும்.

சரி, எம்.பி. என்ன செய்யலாம்? வரியைப் போடுவது வாஷிங்டன். வட்டி மானியம் தருவது டெல்லி. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எம்.பி. கையில் இருப்பது கேள்வி, கோரிக்கை மனு, மக்களவையில் பேசக் கிடைக்கும் சில நிமிடங்கள். அதுவும் கட்சியின் பலத்தைப் பொறுத்தே கிடைக்கும். 2004-ல் சுமார் 60 இடதுசாரி எம்.பி.க்கள் வெளியிலிருந்து தாங்கிய அரசு டெல்லியில் இருந்தது; அவர்கள் சொன்னால் கேட்டாக வேண்டும். 2024-ல் அவர் கட்சி ஜெயித்ததே ரெண்டு இடம்: திருப்பூர், நாகப்பட்டினம்.