ஆர்எக்ஸ் 100-ல் அஞ்சாவது கியர் எப்படி வந்தது?

போன மாசம் எரியோட்டுல இருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். “அண்ணே, ஒரு ஆர்எக்ஸ் 100 அமைஞ்சிருக்கு. 92 மாடல். அஞ்சு கியர், எல்லாம் கம்பெனி ஒரிஜினலாம். வந்து பாத்துச் சொல்றீங்களா?” வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுல நைட் ஷிப்ட் பாத்துச் சேத்த காசு. அதனால நேர்லயே போனேன்.

கிளம்பும்போதே ஒரு சந்தேகம். யமஹா வடிவமைச்ச ஆர்எக்ஸ் 100-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985-ல் இங்கே கொண்டுவந்தது. 1996-ல் தயாரிப்பு நின்றது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், நாலே கியர். இதோட தம்பி ஆர்எக்ஸ் 135-க்கு 132 சிசி. அதுல முதல்ல நாலு கியர், அப்புறம் அஞ்சு கியர் வந்தது.

அஞ்சு கியருக்கு ஏன் இவ்வளவு மவுசு? டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு குறுகலான வேக எல்லைக்குள்ளதான் முழு பலத்தோட இழுக்கும். நாலு கியர்ல ஒவ்வொரு படியும் உயரம். மாத்தும்போது எஞ்சின் அந்த எல்லையை விட்டுக் கீழே இறங்கிடும். அஞ்சுன்னா படிகள் நெருக்கம், இழுவை விடாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டிக்கரை நம்பவே வேண்டாம், கடையில கிடைக்கும். வண்டியை சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு எஞ்சினை நிறுத்துங்க. பின் சக்கரத்தைக் கையால மெதுவா சுத்திக்கிட்டே கியரை ஒவ்வொண்ணா மாத்துங்க. சக்கரம் சுத்தலைன்னா உள்ளே பல் சேராது, எண்ணிக்கை தப்பும். நியூட்ரலைக் கணக்குல சேர்க்காதீங்க.

எண்ணினோம். அஞ்சு! தம்பி முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

ஆனா இந்த எண்ணிக்கை, இப்போ உள்ளே என்ன இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். கம்பெனி என்ன கொடுத்ததுன்னு சொல்லாது. அதுக்கு ஆர்.சி. புக்தான். திறந்தேன்: 98 சிசி. 98 சிசியும் அஞ்சு கியரும் கம்பெனியில சேரவே சேராது. 132 சிசின்னு இருந்தா ரெண்டுக்கும் வாய்ப்பு உண்டு. அப்போ மாடல் பெயரையும் எண்களையும் வச்சுதான் பேசணும்.

இனி ரெண்டே வழி. ஒண்ணு, கிராங்க் கேஸை ரெண்டாப் பிரிச்சு கியர் ஷாஃப்ட், கியர் மாத்துற டிரம் எல்லாம் மாத்தியிருக்கணும். அப்படின்னா ஸ்க்ரூ தலைகள் தேஞ்சிருக்கும், ஓரத்துல புது பசை பிதுங்கியிருக்கும். இல்லைன்னா எஞ்சினையே மாத்தியிருக்கணும். எஞ்சின் நம்பரைத் துடைச்சுப் பாத்தோம். ஆர்.சி.யில இருக்கிறது வேற, இது வேற.

“அப்போ வண்டி மோசமாண்ணே?”

“ஓட்ட நல்லாத்தான் இருக்கும்டா. ஆனா ஆர்.சி.யில இருக்கிற வண்டி இது இல்ல.”

எஞ்சின் மாத்தினா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிப் பதியணும். பதியாத எஞ்சின் எங்கேயிருந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? திருட்டு வண்டியோடதா இருந்தா, போலீஸ் முன்னாடி நிக்கப்போறது விற்றவர் இல்ல, இவன்.

தம்பி வாங்கலை. ரெண்டு நாள் சரியாப் பேசவும் இல்லை. போன வாரம் மறுபடி போன்: “அண்ணே, இன்னொரு வண்டி. நாலு கியர்தான். நம்பர் ரெண்டும் ஒத்துப்போகுது, நானே பாத்துட்டேன்.”