எகெலப்பொல விட்டுச்சென்ற பிணை

கண்டி இராச்சியத்தின் கடைசிக் காலத்தில் பெருங்குடிப் பிரதானி ஒருவர் அரசனிடம் திசாவைப் பதவி பெற்று மாகாணம் ஒன்றை ஆளப் புறப்பட்டால், அவருடன் கொடியும் முரசும் ஏவலரும் சென்றனர். மனைவியும் மக்களும் செல்லவில்லை. அவர்கள் தலைநகரிலேயே, வளவு எனப்படும் அவருடைய பெருமனையில் தங்கினர். அரண்மனைக்கு அண்மையில் வாழ்வது குடும்பத்துக்குப் பெருமை என்று சொல்லப்பட்டது. பெருமை இருக்கலாம். ஆனால் அந்தப் பிரதானி தொலைவிலுள்ள மாகாணத்தில் அரசனுக்கு எதிராக விரல் அசைத்தால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வளவில் இருந்தவர்களே என்பதை அரசனும் அறிந்திருந்தான், பிரதானியும் அறிந்திருந்தார்.

இவ்வேற்பாட்டை வெறுங் கொடுமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அக்கால நிலையை நோக்கினால் அதன் காரணம் விளங்கும். மலைகளும் காடுகளும் மகாவலி கங்கையும் கண்டி நகருக்கு அரணாக இருந்தன. அதே மலைகளும் காடுகளும் அரசனின் கை தொலைவான மாகாணங்களை எளிதில் எட்டாதபடியும் தடுத்தன. நிலையான பெரும்படை அரசனிடம் இல்லை. நிலத்தை அனுபவிப்பவன் அந்நிலத்துக்காகச் செய்ய வேண்டிய ஊழியமே இராசகாரியம் எனப்பட்டது. போர் வந்தால் உழவனே வில்லும் துப்பாக்கியும் ஏந்தி வர வேண்டும். அவனை அழைப்பவரும் நடத்துபவரும் திசாவை. வரி தண்டுபவரும் வழக்குத் தீர்ப்பவரும் அவரே. இத்தனை அதிகாரத்தையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மலைகளுக்கு இப்பால் அமர்ந்திருக்கும் அரசன் எதை நம்புவான்?

கண்டியரசர் கண்ட விடையையே வேறொரு நாட்டாரும் கண்டிருந்தனர் என்பது வியப்புக்குரியது. சப்பானில் தொகுகாவா மரபினர் ஆண்ட காலத்தில், 1635 ஆம் ஆண்டு முதல், சிற்றரசர்கள் ஓராண்டு தம் நாட்டிலும் ஓராண்டு தலைநகரான எதோவிலும் மாறி மாறி வாழ வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அவர்களுடைய மனைவியரும் மூத்த மைந்தரும் எப்பொழுதும் எதோவில் இருக்க வேண்டும். தலைநகர் செல்லும் பெருவழியில் ஆக்கோனே என்னும் கணவாயில் இருந்த காவலர் இரண்டினைக் கண்ணுங் கருத்துமாகத் தேடினர்: உள்ளே வரும் துப்பாக்கிகள், வெளியே போகும் பெண்கள். பெண்கள் வெளியேறினால் அவர்களுடைய கணவர் கிளர்ச்சிக்கு ஆயத்தமாகிறார் என்று பொருள். வீட்டன்புக்கும் ஆண்டான் கடமைக்கும் இடையே தவிக்கும் சாமுராய் வீரனின் கதையைச் சப்பானியர் இன்றளவும் விரும்பிச் சொல்கின்றனர். அத்தகைய தவிப்பை உண்டாக்கும் விதி சட்டமாகவே இருந்த நாடு அது. 1862 இல் அது பெரிதும் தளர்த்தப்பட்டது.

கண்டியில் அவ்விதி அறுந்த கதை 1814 இல் நிகழ்ந்தது.

அப்போது அரியணையில் இருந்தவன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். மதுரைப் பக்கத்து நாயக்கர் மரபில் வந்த அவனுக்குக் கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1798 இல், இருபது வயதும் நிரம்பாத இளைஞனாக இருந்தபோது, மகா அதிகார் பதவியில் இருந்த பிலிமத்தலாவ அவனை அரசனாக்கினார். தம் சொற்படி ஆடுவான் என்று எண்ணியே அவர் அவ்வாறு செய்தார் என்பர். இளைஞன் அவ்வாறு ஆடவில்லை. கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1803 இல் அவர்கள் படையெடுத்து வந்து, கண்டியைக் கைப்பற்றி, பின் பேரிழப்புடன் அதை இழந்தனர். பிலிமத்தலாவ அரசனுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்து, 1811 இல் தலையிழந்தார். அவர் வகித்த மகா அதிகார் பதவி எகெலப்பொலவுக்குக் கிடைத்தது. தன்னை அரசனாக்கியவரே தன்னைக் கொல்ல முயன்றதைக் கண்டவன் அவ்வரசன். பின்னாளில் அவன் கண்ட இடமெல்லாம் துரோகத்தைக் கண்டான் எனின், அதற்குரிய பாடத்தை அவனுக்குக் கற்பித்தவர்கள் அவனுடைய பிரதானிகளே எனலாம்.

எகெலப்பொல மகா அதிகாராக மட்டுமன்றிச் சப்பிரகமுவவின் திசாவையாகவும் இருந்தார். இரத்தினபுரியைச் சூழ்ந்த அம்மாகாணம் ஆங்கிலேயர் எல்லையை ஒட்டியது. 1814 ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவர் அங்கே இருந்தபோது, உடனே தலைநகர் திரும்புமாறு அரசனின் கட்டளை வந்தது. கட்டளையின் பொருளை உணர அவருக்கு நெடுநேரம் பிடித்திராது. தமக்கு முன் அப்பதவியில் இருந்தவரின் முடிவு அவர் கண்முன் நின்றது. மறுபுறம், மனைவி குமாரிஹாமியும் மக்களும் கண்டி வளவில் இருந்தனர்.

அவர் திரும்பவில்லை.

திரும்பியிருந்தால் குடும்பம் பிழைத்திருக்குமா என்ற வினாவுக்கு எவரும் உறுதியாக விடை கூற இயலாது. அவர் ஏதுமறியாதவரும் அல்லர். கொழும்பிலிருந்த ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி கண்டிப் பிரதானிகளோடு இரகசியக் கடிதத் தொடர்பை வளர்த்துவந்தார். எகெலப்பொலவும் அத்தொடர்பில் இருந்தார். அரசனின் ஐயம் அடியோடு ஆதாரமற்றதன்று. ஆதலால் எகெலப்பொலவைக் கொடுங்கோலனிடமிருந்து தப்பிய தியாகி என்று மட்டும் சொன்னால் பாதி வரலாறு மறைந்துவிடும். தன்னுயிருக்காக மனைவி மக்களைக் கைவிட்டவர் என்று மட்டும் சொன்னாலும் மறுபாதி மறைந்துவிடும். அரசன் அவருடைய பதவிகளைப் பறித்தான், குடும்பத்தைச் சிறையிட்டான். எகெலப்பொல சப்பிரகமுவ மக்களைத் திரட்டிக் கிளர்ச்சி செய்தார். எதிர்பார்த்த ஆங்கிலப் படையுதவி அப்போது கிடைக்கவில்லை, கிளர்ச்சி தோற்றது. 1814 மே மாதத்தில் அவர் எல்லை கடந்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார்.

தமிழ் நேயர்களுக்கு இவ்விடத்தில் கம்பன் காட்டும் இலங்கை நினைவுக்கு வராமற் போகாது. அங்கும் ஓர் அரசனை விட்டு அவனைச் சேர்ந்தவன் ஒருவன் பகைவர் பக்கம் சென்றான். செஞ்சோற்றுக் கடன் கழிக்கக் கும்பகருணன் நின்று மாண்டான், வீடணன் பிரிந்தான். இருவரில் யார் செய்தது சரி என்று பட்டிமன்றங்கள் எத்தனையோ நடந்துவிட்டன. அவற்றில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. வீடணன் இராமனிடம் சென்ற பின்னும் அவன் மகள் திரிசடை இலங்கையிலேதான் இருந்தாள். அசோகவனத்தில் சீதைக்குத் துணையாகவும் இருந்தாள். தந்தை செய்ததற்காக மகளை இராவணன் தொடவில்லை. காப்பியத்து அரக்கர்கோன் செய்யாததைக் கண்டியின் கடைசி அரசன் செய்தான்.

1814 மே மாதத்தில் நடந்ததை நூலாக எழுதி உலகறியச் செய்தவர் ஜோன் டேவி என்னும் ஆங்கிலப் படை மருத்துவர். அவருடைய நூல் 1821 இல் வெளிவந்தது. தலதா மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம் முதலிய கோயில்கள் உள்ள இடத்தில், மக்கள் திரளின் முன்னே, தாயின் கண்ணெதிரில் பிள்ளைகள் தலை வெட்டப்பட்டனர். மூத்தவனுக்கு வயது பதினொன்று. அவன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொண்டான். இரண்டாமவன் ஒன்பது வயதுச் சிறுவன், மத்தும பண்டார. அவன் முன்னே வந்து, அஞ்ச வேண்டாம், சாவது எப்படி என்று தான் காட்டுவதாக அண்ணனிடம் கூறிக் கழுத்தை நீட்டினான். பால்குடி மாறாத குழந்தையும் தப்பவில்லை. வெட்டுண்ட தலைகளை உரலிலிட்டுத் தாயை உலக்கையால் இடிக்கச் செய்தனர் என்றும் டேவி எழுதுகிறார். பின்னர் குமாரிஹாமியைப் போகம்பரைக் குளத்தில் ஆழ்த்திக் கொன்றனர். அடுத்த இரண்டு நாள் அரண்மனை தவிர நகரில் எங்கும் அடுப்பெரியவில்லை என்பதும் அவர் தரும் செய்தி.

டேவி இலங்கைக்கு வந்தது இந்நிகழ்ச்சிக்கு ஈராண்டு கழித்து. அவர் கேட்டதை எழுதினாரே அன்றிக் கண்டதை எழுதவில்லை. அரசனை எவ்வளவு கொடியவனாகக் காட்டினால் அவன் நாட்டைக் கவர்ந்தது அவ்வளவு நியாயமாகும் என்பதும் ஆங்கிலேயருக்குத் தெரியும். எனவே உரல் உலக்கைச் செய்தியை ஐயுறும் வரலாற்றாசிரியர் உண்டு. ஆயினும் பிள்ளைகளும் தாயும் கொல்லப்பட்டதில் ஐயமில்லை. பிணை என்ற சொல்லின் முழுப்பொருளும் அன்று வெளிப்பட்டது. அதுவரை அது அச்சுறுத்தலாக இருந்தது. ஒருமுறை நிறைவேற்றிய பின், ஏனைய பிரதானிகளின் நெஞ்சில் அது வேறு வகையாக வேலை செய்யலாயிற்று.

மொல்லிகொடவின் நடத்தையில் இதைத் தெளிவாகக் காணலாம். எகெலப்பொலவிடமிருந்து பறித்த மகா அதிகார் பதவியும் சப்பிரகமுவத் திசாவைப் பதவியும் இவருக்கே கிடைத்தன. கிளர்ச்சியை அடக்கியவரும் இவரே. இவருடைய குடும்பமும் கண்டியில் இருந்தது. அரசனுக்கு இவர் ஆற்றிய ஊழியத்தில் விசுவாசம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்தறிவது அரிது; ஒருவேளை அவருக்கே அது தெரிந்திராது. 1814 இன் பிற்பகுதியில், ஆங்கிலேயரின் குடிகளான வணிகர் பதின்மர் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு உறுப்பறுக்கப்பட்டனர், எழுவர் இறந்தனர். தேசாதிபதி றொபேட் பிரவுண்றிக் தேடிக்கொண்டிருந்த காரணம் கிடைத்துவிட்டது. 1815 சனவரி 10 ஆம் நாள் போர் அறிவிப்பு வந்தது. ஆங்கிலப் படைகள் பல வழிகளில் மலையேறின. அரசனைப் பாதுகாக்க வேண்டிய மொல்லிகொட போரிடாமலும் சரணடையாமலும் காலம் தாழ்த்தினார். மனைவி மக்கள் அரசனின் கைக்கு எட்டாத இடம் சேர்ந்த பின்னரே, பெப்ரவரியில், அவர் ஆங்கிலேயர் பாசறைக்குள் நுழைந்தார்.

ஆங்கிலேயருடன் சேர்ந்தது இருவருக்கும் பொது. ஒருவர் குடும்பத்தை விட்டுச் சென்றார். மற்றவர் குடும்பத்தை மீட்கும்வரை அசையாதிருந்தார். மொல்லிகொடவை வீரர் என்று எவரும் பாடவில்லை. ஆனால் அவருடைய பிள்ளைகள் உயிரோடிருந்தனர்.

பெப்ரவரி 14 ஆம் நாள் படைகள் கண்டிக்குள் புகுந்தன. எதிர்த்து நின்றவர் மிகச் சிலர். நான்கு நாள் கழித்து அரசன் தும்பறைப் பகுதியில் மெதமகாநுவரவுக்கு அருகே பிடிபட்டான். அவனைப் பிடித்தவருள் எகெலப்பொலவைச் சேர்ந்தவர் இருந்தனர். பிணையை அழித்த அன்றே அரசன் தன் பிரதானிகளை இழந்துவிட்டான் என்பதே இதன் பொருள். பிள்ளைகள் உயிரோடு வளவில் இருக்கும்வரை பிரதானி அஞ்சுவார், நம்பிக்கையும் வைப்பார். இழக்க ஒன்றுமில்லாதவரை எதைக் கொண்டு கட்டுவது? மொல்லிகொட போன்றவரோ, இவ்வரசனின் கீழ்த் தம் குடும்பத்துக்கும் இதே முடிவு வரலாம் என்று கணக்கிட்டனர். அரசனும் தன் குடும்பத்தாருடன் நாடுகடத்தப்பட்டு, வேலூர்க் கோட்டையில் 1832 வரை வாழ்ந்து மறைந்தான். அவனுடைய மனைவியரை அவனிடமிருந்து எவரும் பிரிக்கவில்லை.

1815 மார்ச் 2 ஆம் நாள் அரண்மனையின் மகுல் மடுவத்தில் கண்டி உடன்படிக்கை ஏற்பட்டது. மகா அதிகார் பதவி மொல்லிகொடவிடமே இருந்தது. எகெலப்பொல பதவி எதையும் ஏற்கவில்லை. பிரித்தானிய அரசின் நண்பர் என்ற பெயர் போதும் என்றார். அவர் உள்ளூர விரும்பியது முடியே என்பது பலர் கருத்து. முடி வரவில்லை. பறிகொடுத்த குடும்பத்துக்கு ஈடாக ஆங்கிலேயர் எதைக் கொடுத்திருந்தாலும் அது அவருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

குமாரிஹாமியின் உடன்பிறந்தவர் கெப்பெட்டிப்பொல ஆங்கிலேயரின் கீழ் ஊவா மாகாணத்துத் திசாவையாக இருந்தார். 1817 இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தபோது, அதை அடக்குமாறு ஆங்கிலேயர் அவரை அனுப்பினர். அவர் கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்தார். சேருமுன் ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளை அவர்களுக்கே திருப்பி அனுப்பினார் என்பது ஈழத்துச் சிறுவர் பாடநூல்களிலும் இடம்பெற்ற செய்தி. அவர்கள் சோற்றையுண்டு அவர்கள் கருவியாலேயே அவர்களைத் தாக்க அவர் மனம் இசையவில்லை. 1818 நவம்பரில் போகம்பரையில், தங்கை மூழ்கிய குளத்துக்கு அருகே, அவர் தலை வெட்டப்பட்டது.

அதே கிளர்ச்சியின்போது எகெலப்பொலவையும் ஆங்கிலேயர் ஐயுற்றனர். அரசன் கொண்ட அதே ஐயம். 1818 இல் அவரைச் சிறைப்பிடித்தனர். வழக்கு விசாரணை நடைபெறவில்லை. கொழும்பில் ஆண்டுக்கணக்கில் காவலில் வைத்திருந்து, 1825 இல் மொரீசியசுத் தீவுக்கு அனுப்பினர். தலைநகரில் பிணை வைக்க இம்முறை அவருக்கு மனைவியும் இல்லை, மத்தும பண்டாரவும் இல்லை. ஆதலால் அவரையே கடல் கடத்த வேண்டியதாயிற்று. 1829 இல் அவர் அங்கே இறந்தார். பாம்பிளெமூசு மாவட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கின்றது.