1960களில் சென்னையின் மேற்கத்திய இசை

1960களில் சென்னையின் மேற்கத்திய இசை என்பது, அக்காலத்தில் மெட்ராஸ் என்று அழைக்கப்பட்ட சென்னை நகரிலும் அதன் புறநகர்களிலும் தங்கும் விடுதிகள், உணவகங்கள், ரயில்வே மன்றங்கள், கல்லூரி அரங்குகள் ஆகிய இடங்களில் வளர்ந்த ஆங்கிலப் பாடல், நடன இசை, ஜாஸ், பாப் இசை ஆகியவற்றைப் பொதுவாகக் குறிக்கும். இரவு விடுதிகள் என்றால் மதுவருந்தும் இடங்கள் என்பதே பொதுவான எண்ணமாகும். ஆனால் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்திலேயே சென்னையில் இவ்விசை செழித்தது. இதனால் இந்நகரின் இரவு இசை மதுக்கூடங்களைச் சாராமல், குடும்பங்கள் கூடும் மன்றங்களையும் உணவகங்களையும் சார்ந்து அமைந்தது. இவ்விசையை வளர்த்தவர்களுள் ஆங்கிலோ-இந்திய சமூகத்தினர் முதன்மையானவர்கள். அவர்களுள் பலர் பின்னர் நாட்டை விட்டுப் புலம்பெயர்ந்தனர். எஞ்சிய இசைத்திறன் பெரும்பாலும் தமிழ்த் திரையிசையில் கலந்துவிட்டது.

பின்னணி

சென்னையில் மேற்கத்திய இசைக்கு நீண்ட வரலாறு உண்டு. மவுண்ட் சாலையில் (இன்றைய அண்ணா சாலை) உள்ள மியூசி மியூசிக்கல் என்னும் இசைக்கருவிக் கடை, 1842இல் தொடங்கப்பட்ட மிஸ்குவித் நிறுவனத்தின் வழிவந்ததாகும். பியானோ விற்பனை, பழுதுபார்ப்பு ஆகியவற்றுடன், இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வுகளுக்கும் இக்கடை மையமாக விளங்கியது. 1893இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேசன் சேர்ந்திசை நிகழ்ச்சிகளை நடத்தி வந்தது. தேவாலயங்களில் ஆர்கன் இசையும் பாடற்குழுப் பயிற்சியும் தொடர்ந்து நடைபெற்றன. எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தின் ஆர்கன் இசைஞரான ஹேண்டல் மானுவேல், சென்னை வானொலி நிலையத்தின் மேற்கத்திய இசைப் பிரிவிலும் பணியாற்றினார்.

வானொலியின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. 1950களிலும் 1960களிலும் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தென்னிந்தியா முழுவதும் தெளிவாகக் கேட்டது. அதன் ஆங்கில ஒலிபரப்பு வழியாக எல்விஸ் பிரெஸ்லி, கிளிஃப் ரிச்சர்டு, பீட்டில்ஸ் ஆகியோரின் பாடல்கள் சென்னை இளைஞரை எட்டின. இசைத்தட்டு வாங்க வசதியற்றவர்கள் பாடல் ஒலிபரப்பாகும்போதே வரிகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, விடுபட்ட சொற்களை அடுத்த ஒலிபரப்பில் நிரப்பிக்கொள்வது வழக்கம்.

மதுவிலக்கின் தாக்கம்

மெட்ராஸ் மாகாணத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1971 ஆகஸ்டு மாதம் தமிழ்நாடு அரசு அதனைத் தற்காலிகமாக நீக்கும் வரை அது தொடர்ந்தது. வெளிநாட்டவரும், மருத்துவக் காரணங்களுக்காக அனுமதிச் சீட்டுப் பெற்றவர்களும் மட்டுமே மது வாங்க இயலும். இதற்கென ஒதுக்கப்பட்ட அறைகள் "பெர்மிட் ரூம்" எனப்பட்டன.

மதுவிலக்கு இல்லாத கொல்கத்தாவின் பார்க் தெருவில் டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் போன்ற உணவகங்கள் மது விற்பனையின் வருவாயைக் கொண்டு நாள்தோறும் இசைக்குழுக்களை அமர்த்த முடிந்தது. சென்னையில் அவ்வாறு இயலவில்லை. உணவும் தேநீரும் விற்றுவரும் வருவாயில் ஒரு குழுவுக்கு முழுநேர ஊதியம் வழங்குவது கடினம். ஆகையால் சென்னை இசைஞர் பலருக்கு இசை மாலைநேரத் தொழிலாகவே இருந்தது. பகலில் ரயில்வே, துறைமுகம், தந்தி அலுவலகம், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றில் பணிபுரிந்து, வார இறுதியில் மேடையேறினர். முழுநேர இசைஞராக விரும்பியோர் கொல்கத்தாவுக்கோ மும்பைக்கோ செல்ல வேண்டியிருந்தது. அல்லது கோடம்பாக்கத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களை நாட வேண்டியிருந்தது.

நிகழ்விடங்கள்

ரயில்வே மன்றங்கள்

ரயில்வே குடியிருப்புகளில் இருந்த பணியாளர் மன்றங்கள் "இன்ஸ்டிடியூட்" என்றே பேச்சுவழக்கில் அழைக்கப்பட்டன. பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, திருச்சி பொன்மலை, போத்தனூர் ஆகிய ரயில்வே ஊர்கள் இவற்றுக்குப் பெயர்பெற்றவை. சென்னையின் தென்பகுதியில் பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் ஆகிய இடங்களில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன.

கிறித்துமசு, புத்தாண்டு, உயிர்ப்பு ஞாயிறு ஆகிய நாட்களையொட்டி இம்மன்றங்களில் நடன விழாக்கள் நடைபெற்றன. மே மாதத்தில் "மே குயின்" தேர்வுடன் கூடிய நடனமும் உண்டு. மரத்தரை வழுவழுப்பாக இருப்பதற்காக நடனத்துக்கு முன் அதன்மீது தூள் தூவுவர். பெற்றோர், பிள்ளைகள், பாட்டன்மார் என மூன்று தலைமுறையினரும் ஒரே கூடத்தில் இருப்பர். முதலில் வால்ட்சு, பாக்ஸ்டிராட் போன்ற பழைய நடனங்களும், பின்னர் ஜைவ், டுவிஸ்ட் போன்ற புதிய நடனங்களும் இடம்பெறும். ஒரே இரவில் இரு தலைமுறையினரின் இசையையும் வாசிக்க வேண்டியிருந்ததால், இங்கு பயின்ற இசைஞர் எந்தப் பாணியையும் உடனே வாசிக்கும் திறன் பெற்றனர். இத்திறன் பின்னர் திரையிசையில் பெரிதும் பயன்பட்டது.

தங்கும் விடுதிகளும் சங்கங்களும்

மவுண்ட் சாலையை அடுத்த கன்னிமாரா, சாந்தோமில் இருந்த ஓசியானிக் ஆகிய விடுதிகள் அக்கால உயர்குடியினரின் கூடுமிடங்களாக இருந்தன. மெட்ராஸ் ஜிம்கானா சங்கம் (1884), 1963இல் அடையாறு சங்கத்துடன் இணைந்த மெட்ராஸ் சங்கம் (1832) ஆகியவை உறுப்பினர்களுக்கு மட்டும் உரியவை. எனவே நடுத்தரக் குடும்பத்து இளைஞர் இவ்விசையை நேரில் கேட்க, மன்றங்களும் கல்லூரி விழாக்களுமே பெரும்பாலும் வாய்ப்பளித்தன.

நைன் ஜெம்ஸ்

1964இல் மவுண்ட் சாலையில் சபையர் திரையரங்க வளாகம் திறக்கப்பட்டது. சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்னும் மூன்று அரங்குகளைக் கொண்ட இது, இந்தியாவின் தொடக்ககாலப் பல்லரங்க வளாகங்களுள் ஒன்றாகும். இதன் அடித்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்னும் சிறிய இரவு விடுதி இயங்கியது. அரங்குகள் மணிகளின் பெயர்களைத் தாங்கியிருந்ததற்கேற்ப விடுதியும் நவமணிகளின் பெயரைப் பெற்றிருந்தது.

பின்னாளில் உஷா உதுப் என்று அறியப்பட்ட உஷா ஐயர், 1960களின் இறுதியில் தம் இரவு விடுதி இசைவாழ்வை இங்குதான் தொடங்கினார். 1947இல் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவர், சேலை உடுத்து, பூச்சூடி, ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். இரவு விடுதிப் பாடகி என்றால் மேலைநாட்டு உடையணிந்தவர் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில் இது புதுமையாக இருந்தது. குடும்பத்துடன் வந்து கேட்கத்தக்க இடமாகவும் இரவு விடுதி இருக்கலாம் என்பதை அவரது மேடைத்தோற்றம் உணர்த்தியது. பின்னர் மும்பையிலும் கொல்கத்தா டிரிங்காசிலும் பாடிப் புகழ்பெற்ற அவருக்கு 2011இல் பத்மசிறீ விருதும், 2024இல் பத்மபூசண் விருதும் வழங்கப்பட்டன. சபையர் வளாகம் 1990களில் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது.

கல்லூரிகள்

1963ஐ ஒட்டிப் பீட்டில்ஸ் குழுவின் புகழ் பரவியபின், நான்கு பேர் கொண்ட கிட்டார் குழுக்கள் கல்லூரிகளில் தோன்றின. 1937 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி போன்றவற்றின் மாணவர் விடுதிகள் இவ்விசை பரவ ஏதுவாயின. இத்தகைய குழுக்களுக்கு அகில இந்திய அளவில் களம் அமைத்த சிம்லா பீட் போட்டியின் பாடல்கள் 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன.

இசைக்கருவிகள்

நடனக் குழுக்களில் பியானோ, டிரம்பெட், சாக்சபோன், டபுள் பேஸ், டிரம்ஸ் ஆகியவை இடம்பெற்றன. 1960களின் நடுப்பகுதியில் மின்கிட்டார் இவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தமையால், வெளிநாட்டுக் கருவிகள் கிடைப்பது அரிதாக இருந்தது. நாடு விட்டுச் செல்வோர் விற்றுச்சென்ற கருவிகளே கைமாறி வந்தன. ஒலிபெருக்கிகளை வானொலி பழுதுபார்ப்போரிடம் வால்வுகளைக் கொண்டு செய்வித்துக்கொள்வதும் உண்டு. அறுந்த கிட்டார் தந்தியை முடிச்சிட்டு மீண்டும் பயன்படுத்துவது அக்காலத்தில் இயல்பான செயலாகும்.

புறநகரும் தொடர்வண்டியும்

சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டிச் சேவை 1931இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள இம்மீட்டர்கேஜ் பாதையே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதி இசைஞரையும் கேட்போரையும் நகருடன் இணைத்தது. சொந்த ஊர்தி வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஆகையால் நிகழ்ச்சி முடியும் நேரத்தைக் கடைசி வண்டியின் நேரமே தீர்மானித்தது. அதனைத் தவறவிட்டவர்கள் கருவிகளுடன் நிலையத்திலேயே விடியும்வரை காத்திருக்க நேரிடும்.

தாம்பரத்துக்கு அப்பால் நிலைமை வேறு. அங்கிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தெற்கே உள்ள பொத்தேரி, அதனை அடுத்த கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர் ஆகியவை அன்று ஏரிப்பாசனத்தை நம்பிய வேளாண் ஊர்களாகும். நகரின் மேற்கத்திய இசை இவ்வூர்களை நேரடியாக எட்டவில்லை. திரையரங்கு, வானொலி, திருமண வீட்டு ஒலிபெருக்கி ஆகியவற்றின் வழியாகத் திரைப்பாடலாக உருமாறியே வந்தடைந்தது.

திரையிசையில் தாக்கம்

1960களின் தமிழ்த் திரைப்படங்களில் இரவு விடுதிக் காட்சி அடிக்கடி இடம்பெற்றது. பெரும்பாலும் அது தீயவர்கள் கூடும் இடமாகவும், மதுவும் சூதும் நிறைந்ததாகவும் காட்டப்பட்டது. மதுவிலக்கு நடைமுறையிலிருந்த சென்னையின் உண்மையான மன்றங்களுக்கும் இச்சித்தரிப்புக்கும் தொடர்பு மிகக் குறைவு. எனினும் தமிழ் மக்களில் பெரும்பாலோர் இரவு விடுதியைத் திரையிலேயே கண்டதால், அந்தச் சித்தரிப்பே பொதுநினைவில் நிலைத்தது. ஆங்கிலோ-இந்தியப் பெண்களைப் பற்றிய தவறான எண்ணங்கள் பரவவும் இது ஒரு காரணமாயிற்று.

இசையைப் பொறுத்தவரை தாக்கம் ஆக்கபூர்வமானது. மெ. சு. விசுவநாதன், டி. கே. இராமமூர்த்தி இணையினர் இசையமைத்த காதலிக்க நேரமில்லை (1964), புதிய பறவை (1964) ஆகியவற்றிலும், வேதா இசையமைத்த அதே கண்கள் (1967) படத்திலும் மேற்கத்திய நடன இசையின் தாளங்கள் சிறப்பாகக் கையாளப்பட்டன. எல். ஆர். ஈசுவரி இவ்வகைப் பாடல்களால் புகழ்பெற்றார். நடிகரும் பாடகருமான சந்திரபாபு, யோடலிங் என்னும் குரல்மாற்றுப் பாடல்முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். விசுவநாதனின் குழுவில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, கிட்டார் வாசித்த பிலிப்ஸ், டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் போன்றோரின் வாசிப்பு இப்பாடல்களில் இன்றும் ஒலிக்கிறது. ஆயினும் இசைத்தட்டுகளில் வாத்தியக் கலைஞரின் பெயர்களை அச்சிடும் வழக்கம் அன்று இல்லை.

மைலாப்பூரில் வாழ்ந்த தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் பலருக்குக் கற்பித்தார். 1960களின் இறுதியில் சென்னை வந்த இளையராஜா இவரிடம் பயின்றார். ஏ. ஆர். ரகுமானும் இவரது மாணவரே.

சரிவு

இவ்விசை நலிவடைந்ததற்கு முதன்மையான காரணம் புலம்பெயர்வாகும். இந்திய அரசியலமைப்பின் 336ஆவது பிரிவு, ரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்தி ஆகிய துறைகளில் ஆங்கிலோ-இந்தியருக்கு இருந்த ஒதுக்கீட்டைப் படிப்படியாகக் குறைத்துப் பத்து ஆண்டுகளில் முடிவுறச் செய்தது. அதன்படி 1960இல் அச்சலுகை முடிவுக்கு வந்தது. 1962இல் பிரித்தானியா குடியேற்றச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1966இல் ஆத்திரேலியா தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் பலர் அங்குச் சென்றனர். ஒரு நடனக் குழுவில் டிரம்பெட் வாசிப்பவர் ஒருவர் நாடு விட்டுச் சென்றால், அவ்விடத்தை நிரப்ப மற்றொருவர் கிடைப்பது அரிதாயிற்று. இவ்வாறு குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

சென்னையில் பிறந்து மேலைநாட்டில் புகழ்பெற்ற இருவரை இங்குக் குறிப்பிடலாம். பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936இலும், பீட்டில்ஸ் குழுவின் தொடக்ககால டிரம்ஸ் இசைஞர் பீட் பெஸ்ட் 1941இலும் சென்னையில் பிறந்தவர்கள். இருவரும் சிறு வயதிலேயே இங்கிலாந்து சென்றவர்களாதலால், அவர்களைச் சென்னை மேடைகளின் உருவாக்கம் எனக் கொள்வது பொருந்தாது.

நினைவுகளும் ஆவணங்களும்

மும்பையின் ஜாஸ் இசை வரலாறு நரேஷ் பெர்னாண்டசு எழுதிய தாஜ்மகால் பாக்ஸ்டிராட் (2012) என்னும் நூலில் விரிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. சென்னைக்கு அத்தகைய பதிவு குறைவு. மன்றங்களில் நடந்த நிகழ்ச்சிகள் ஒலிப்பதிவு செய்யப்படவில்லை. ஒளிப்படங்களும் அழைப்பிதழ்களும் குடும்பங்களுடன் கடல் கடந்தன. வரலாற்றாளர் சு. முத்தையா (இ. 2019) இந்து நாளிதழில் எழுதிய மெட்ராஸ் மிசெலனி தொடரில் வாசகர்களின் பழைய நகர நினைவுகள் பல இடம்பெற்றன. ஆங்கிலோ-இந்தியர் வரலாறு குறித்து அவரும் ஹாரி மெக்லூரும் இணைந்து 2013இல் ஒரு நூலை வெளியிட்டனர்.

அன்று இருபது வயதில் மேடையேறியவர்கள் இன்று முதுமையை எட்டிவிட்டனர். எனவே அவர்களின் வாய்மொழி நினைவுகளைப் பதிவு செய்வது காலத்தின் தேவையாகும். ஏரிக்கரைச் சிற்றூராக இருந்த பொத்தேரியில் இன்று எசு.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகம் அமைந்துள்ளது. அங்கு நடைபெறும் மாணவர் விழாக்களில் கிட்டார் குழுக்கள் வாசிப்பது இயல்பாகிவிட்டது. இதே இருப்புப்பாதையில், கருவிகளைச் சுமந்து கடைசி வண்டிக்காகக் காத்திருந்த ஒரு தலைமுறை இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

இவற்றையும் பார்க்க

ஆங்கிலோ-இந்தியர்
உஷா உதுப்
தமிழ்நாட்டில் மதுவிலக்கு
சென்னைப் புறநகர் இருப்புவழி
தமிழ்த் திரையிசை