ரேஞ்சர் பேட்ஜும் நவஹோ தலைப்பட்டையும்

அமெரிக்க மேற்கில் குதிரையேறித் திரியும் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர் பிறந்தது இத்தாலியில். ஜான் லூய்ஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கலெப்பினி வரைய, 1948 செப்டம்பர் 30 அன்று முதல் இதழ் வந்தது. பக்கத்துக்கு ஒரே வரிசைப் படங்கள் கொண்ட, குறுக்காக நீண்ட சின்னஞ்சிறு புத்தகம் அது. கலெப்பினி அதே பதிப்பகத்துக்காகப் பகலெல்லாம் வேறொரு தொடரை வரைந்துவிட்டு, இரவில் டெக்ஸை வரைந்தார். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட அந்தத் தொடர் சீக்கிரமே நின்றுபோனது. டெக்ஸ் இன்றும் வருகிறது.

டெக்ஸ் ஒரு டெக்சாஸ் ரேஞ்சர். நவஹோ பழங்குடியினரிடம் சிக்கி, கம்பத்தில் கட்டப்பட்டுச் சாவுக்குக் காத்திருந்தவரைத் தலைவரின் மகள் லிலித் மணந்து மீட்கிறாள். மாமனாருக்குப் பிறகு தலைமையும் அவருக்கே வருகிறது. அங்கே அவர் பெயர் 'இரவுக் கழுகு'. சிவகாசி லயன் காமிக்ஸ் வழியே நம் வாசகர்களுக்கும் நன்கு பழகிய பெயர். கதையை ஓட்டும் எஞ்சினே இந்த இரட்டைப் பதவிதான். ராணுவ அதிகாரியிடம் சட்டம் பேச பேட்ஜ், சண்டைக்குத் துடிக்கும் நவஹோ இளைஞர்களை நிறுத்தத் தலைப்பட்டை. பெரியம்மை தொற்றிய போர்வைகளை வெள்ளை வியாபாரிகள் விற்க, லிலித் அந்த நோயில் சாகிறாள். இரண்டு இனத்து ரத்தமும் ஓடும் மகன் கிட் தகப்பனோடு வளர்கிறான்.

படங்களில் பிழைகள் உண்டு. தலைமையின் அடையாளமாக டெக்ஸ் அணியும் 'வாம்பம்' சிப்பிமணிப் பட்டை கிழக்குக் கரைப் பழங்குடிகளுடையது. நவஹோக்கள் மரமும் மண்ணும் கொண்டு கட்டும் ஹோகன் வீடுகளுக்குப் பதிலாகச் சமவெளி மக்களின் தோல் கூடாரங்கள் வரையப்பட்டன. இவற்றை எளிதில் மன்னிக்கலாம்.

கிட் கார்சன் விஷயம் அப்படியல்ல. காமிக்ஸில் அவர் டெக்ஸின் உயிர்த்தோழர், நவஹோக்களுக்கும் நண்பர். அதே பெயரில் வாழ்ந்த உண்மையான கார்சன் 1863-64இல் நவஹோக்கள் மீது படை நடத்தியவர். சோளக்கொல்லைகளை எரித்தார்கள், கேன்யன் டி ஷேயில் பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பட்டினியால் பணிந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், சுமார் 500 கி.மீ. நடத்தியே நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வழியிலும் முகாமிலும் ஏராளமானோர் மாண்டார்கள். டெக்ஸை நேசித்துப் படிக்கும் எனக்கு இது ஆறவே இல்லை. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகே, எஞ்சியவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது.