துத்தநாகம் கட்டும் வட்டி

2025 மே 29 அன்று ஐஎன்எஸ்வி தாரிணி என்ற 17 மீட்டர் பாய்மரப் படகு கோவா வந்து சேர்ந்தது. கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் ரூபா, தில்னா இருவர் மட்டுமே அதைச் செலுத்தி உலகைச் சுற்றி வந்திருந்தார்கள். 2024 அக்டோபர் 2 அன்று புறப்பட்ட பயணம் அது. அவர்கள் கரையேறிய அந்த நாளில் சென்னை காசிமேட்டில் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பலகை மாற்றுவது, ஓட்டை அடைப்பது, வர்ணம் பூசுவது, இயந்திரத்தைப் பிரித்துப் போடுவது என்று ஓராண்டு வேலை முழுவதும் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும்.

தாரிணியின் பயணத்தைச் செய்திகள் வீரம் என்று கொண்டாடின, வீரம்தான். ஆனால் பிரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் என வழியில் படகு நின்றது உணவு ஏற்றிக்கொள்ள மட்டுமல்ல, பழுது பார்க்கவும்தான். மாதக்கணக்கில் பாய்மரப் படகில் வாழ்பவர்களின் நாளில் பெரும்பங்கு இதிலேயே போகும். உரசித் தேய்ந்த கயிறு, கிழிந்த பாய், அடைத்துக்கொண்ட பம்பு, உப்பேறிய மின் இணைப்பு. இவையெல்லாம் கண்ணில் படும் பழுதுகள். படகைத் தூக்கிப் பார்த்தால் ஒழியத் தெரியாத பழுது ஒன்று நீருக்கடியில் நடந்துகொண்டே இருக்கிறது.

கரையேற்றிய படகின் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் பாருங்கள். பெரும்பாலான படகுகளில் உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டி திருகப்பட்டிருக்கும். துத்தநாகம். பட்டறையில் கேட்டால் ‘ஜிங்க்’ என்பார்கள். அது சுழலாது, தள்ளாது, எதையும் தாங்காது. புதிதாக மாட்டியபோது வழவழப்பாக இருந்தது, ஓராண்டில் குழிகுழியாகி எடை பாதியாகிவிடும். கரைந்துபோவது மட்டுமே அதன் வேலை.

வெண்கல புரொப்பல்லர், எஃகு ஷாப்ட், இரும்புச் சுக்கான் எல்லாம் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு நீரில் கிடக்கின்றன. இரண்டு வேறு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்தால் அது மின்கலம். எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் அயனியாகி நீரில் கரையும், மற்றது பிழைத்துக்கொள்ளும். கடல்நீரில் துத்தநாகத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ முக்கால் வோல்ட், டார்ச் பேட்டரியில் பாதி. அந்தச் சிறு அழுத்தம் போதும். துத்தநாகத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஷாப்டுக்கும் புரொப்பல்லருக்கும் ஓடுகின்றன. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அங்கே அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. கேட்டது கிடைத்துவிடுவதால் வெண்கலமும் எஃகும் தங்கள் அணுக்களை இழக்க வேண்டியதில்லை.

கடன்பட்ட கூட்டுக்குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். கடன் கொடுத்தது கடல். மூத்த அண்ணன் துத்தநாகம், தம்பிகள் வெண்கலமும் எஃகும். அண்ணன் மாதாமாதம் வட்டி கட்டும்வரை கடன்காரர் தம்பிகளின் வாசலை மிதிப்பதில்லை. அண்ணன் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். இடையில் வர்ணமோ துருவோ சுவராக எழும்பி உலோகத் தொடர்பு அறுந்தால் அவர் தனிக்குடித்தனம் போனதாகப் பொருள், தம்பிகளைக் காக்க முடியாது. அவருக்குப் புதுச்சட்டை போடுகிறேன் என்று கட்டியின் மேல் வர்ணம் பூசினாலும் கை கட்டப்பட்டுவிடும். பித்தளை என்னும் தம்பியின் நிலை இன்னும் பரிதாபம். அவன் உடம்புக்குள்ளேயே செம்போடு துத்தநாகமும் கலந்திருக்கிறது. அண்ணன் இல்லாவிட்டால் தன்னிலுள்ள துத்தநாகத்தை விற்று வட்டி கட்டுவான். மிஞ்சுவது இளஞ்சிவப்பாகிப் பொரபொரத்த செம்பு. சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காது.

வெளிநாட்டுத் துறைகளில் கரை மின்சாரத்தை இணைத்துக்கொண்டு நிற்கும் பாய்மரப் படகுகளில் கதை இன்னும் நீள்கிறது. பாதுகாப்புக்காக இழுத்த எர்த் கம்பி வரிசையிலுள்ள எல்லாப் படகுகளையும் ஒரே சுற்றாக்கிவிடுகிறது. பக்கத்துப் படகுக்காரர் ஜிங்க் மாற்றாமல் விட்டிருந்தால் நம் வீட்டு அண்ணன் அவர்கள் கடனுக்கும் வட்டி கட்டத் தொடங்குவார். ஓராண்டு நிற்க வேண்டிய கட்டி வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். இதற்காக எர்த் கம்பியில் டையோடுகள் கொண்ட சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். ஒரு வோல்ட் அளவிலான இந்தக் கள்ள ஓட்டத்தை அது தடுக்கும். உண்மையான மின்கசிவு ஏற்பட்டால் வழிவிடும்.

இதில் கணக்கும் உண்டு. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு ஓடினால் ஏறக்குறைய 11 கிலோ துத்தநாகம் கரையும். ஒரு கிலோ கட்டி ஓராண்டு தாங்க வேண்டுமென்றால் ஓட்டம் 90 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. ‘ஒருமுறை பூசினால் போதும்’ என்று விற்கப்படும் அதிசயப் பூச்சுகளையும், காந்தத்தை மாட்டினால் துரு ஓடிவிடும் என்ற விளம்பரங்களையும் இந்தக் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். நல்ல பூச்சு தேவையே. உலோகத்தின் பெரும்பரப்பை மூடி வட்டியைக் குறைக்கிறது. ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுவதும் அந்த ஓரிடத்தில் குவியும். எலெக்ட்ரானைக் கொடுக்க யாரோ ஒருவர் வேண்டும், கொடுத்தவர் தேய்ந்தாக வேண்டும்.

வரலாற்றையும் சொல்லிவிடலாம். கப்பலின் அடிமரத்தைப் புழு துளைக்காமலிருக்க 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்தது. செம்பு தப்பியது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் தின்னப்பட்டன. பின்னாளில் செம்பும் அரிக்கிறதே என்று கடற்படை கேட்டபோது, 1824-ல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்திக் காட்டினார். செம்பு கரைவது நின்றது. கரையும் செம்புதான் கொட்டலசுக்கும் பாசிக்கும் நஞ்சாக இருந்தது என்பது அதற்குப் பிறகே புரிந்தது. பாதுகாக்கப்பட்ட கப்பல்களின் அடியில் உயிர்கள் மண்டி வேகம் குறைந்தது. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது.

திருவொற்றியூர், எண்ணூர் கரைகளில் தலைமுறை தலைமுறையாக ஓடிய கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்த கலம், ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காய வைப்பார்கள். கொட்டலசும் புழுவும் நிலைகொள்ள நேரமே இல்லை. இதைப் பழம்பெருமையாகச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரமும் குளிர்பதன அறையும் கொண்டு நாட்கணக்கில் கடலில் தங்கும் படகை அவிழ்த்துக் காய வைக்க முடியாது.

மர விசைப்படகில் நேர்மாறான ஆபத்து ஒன்று இருக்கிறது. துத்தநாகம் அதிகமானாலும் கேடுதான். பாதுகாக்கப்படும் உலோகத்தின் பரப்பில் ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கும்போது ஹைட்ராக்சைடு உருவாகிறது, அது காரம். இரும்பு போல்ட் மரத்துக்குள் புதைந்திருந்தால் காரம் அங்கேயே தேங்கி, மரநாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கும். போல்ட் புத்தம் புதிதாக இருக்கும், சுற்றியுள்ள மரம் நைந்து வெள்ளை உப்பு பூத்திருக்கும். இரண்டு கட்டி போதுமென்ற இடத்தில் நான்கை அறைபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எண்ணூர் கழிமுகத்துக்கு வேறு கணக்கு. அங்கே கடலும் கொசஸ்தலையாறும் கலக்கின்றன. மழைக்காலத்தில் உப்பு இறங்கிவிடும். உப்பு குறைந்த நீரில் மின்சாரம் எளிதில் பாயாது, துத்தநாகத்தின் மேல் வெள்ளைப் படலம் படிந்து அது செயலிழக்கும். இத்தகைய நீரில் அலுமினியக் கலவைக் கட்டிதான் பொருத்தம். ஒரே அளவு மின்னோட்டத்துக்கு அதன் எடை துத்தநாகத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். 2023 டிசம்பர் மழைவெள்ளத்தில் இந்தக் கழிமுகத்தில் எண்ணெய் படிந்ததை வடசென்னை மறக்கவில்லை. படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. கட்டியின் மேல் படிந்த எண்ணெய்ப் பசையும் வர்ணத்தைப் போலவே நீரை அண்டவிடாது. அதைக் கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தெடுக்க வேண்டும்.

தடைக்காலத்தில் படகு கரையேறியதும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கட்டியைத்தான். பாதி கரைந்திருந்தால் நல்லது, புதியதை மாட்டிவிடலாம். ஓராண்டு கடலில் கிடந்தும் மாட்டியபடியே இருந்தால் மகிழ வேண்டாம். அது வேலை செய்யவில்லை. திருகைக் கழற்றி, கட்டி உட்காரும் இடத்து வர்ணத்தையும் துருவையும் சுரண்டி, மல்டிமீட்டரால் கட்டிக்கும் ஷாப்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அடுத்து புரொப்பல்லர் இலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓராண்டாக வட்டி கட்டியது யார் என்பது அங்கே தெரியும்.