மேக்காங் நதிக்கு அப்பால் மூன்று நாள்கள்

தாய்லாந்துப் பள்ளிகளில் ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் இந்திய ஆசிரியர்கள் கணிசமானோர் உள்ளனர். ஆண்டு விடுமுறையில் அவர்கள் தாயகம் திரும்புவர். இடையில் கிடைக்கும் நீண்ட வார இறுதிகளே அண்டை நாடுகளைக் காண வாய்ப்பு. மறைந்த மன்னர் பூமிபோலின் பிறந்தநாளான டிசம்பர் 5 அந்நாட்டில் தந்தையர் தினமாகவும் கொண்டாடப்படுகிறது. 2025ஆம் ஆண்டில் அது வெள்ளிக்கிழமையில் அமைந்தது. வடகிழக்கே உள்ள உடோன் தானி நகரில் கணித ஆசிரியையாகப் பணிபுரியும் எங்கள் தங்கையுடன் அந்த மூன்று நாள்களையும் லாவோஸ் தலைநகர் வியந்தியானில் கழித்தோம்.

உடோன் தானியிலிருந்து எல்லை நகரான நோங் காய் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பயணம் எளிது, அதற்கு முன் செய்யவேண்டிய ஏற்பாடுதான் முக்கியம். பணி விசாவில் தங்கியிருப்பவர் மறுநுழைவு அனுமதி பெறாமல் தாய்லாந்தை விட்டு வெளியேறினால், அவருடைய தங்கும் அனுமதி அக்கணமே முடிந்துவிடும். ஒருமுறை திரும்புவதற்கான அனுமதிக்குக் கட்டணம் 1,000 பாட். பலமுறைக்கு 3,800 பாட். தங்கையுடன் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர் இதனை அறியாமல் ஒரு வார இறுதியில் எல்லை கடந்தார். சுற்றுலாப் பயணியாகவே திரும்ப நுழைய முடிந்தது. விசாவையும் பணி அனுமதியையும் முதலிலிருந்து பெற்று முடிக்க இரண்டு மாதங்கள் ஆயின. அவ்விரு மாதங்களும் அவருக்கு ஊதியம் இல்லை. ஊரில் வீட்டுக்கடன் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எங்கள் தங்கை புதன்கிழமையே குடிநுழைவு அலுவலகம் சென்று அனுமதியைப் பெற்றுவிட்டார்.

நட்புறவுப் பாலம் 1994 ஏப்ரலில், ஆஸ்திரேலிய அரசின் நிதியுதவியால் அமைந்தது. நீளம் 1,170 மீட்டர். தாய்லாந்தில் வாகனங்கள் நம் நாட்டைப் போலவே இடப்புறம் செல்கின்றன, லாவோஸில் வலப்புறம். எனவே லாவோஸ் கரையை அடைந்ததும் வண்டிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து பக்கம் மாறுகின்றன. இந்தியர்களுக்கு அங்கேயே விசா வழங்கப்படுகிறது. கட்டணத்தை டாலரில் செலுத்துவதே சிக்கனம். பாட்டில் செலுத்தினால் தொகை கூடுதலாகிவிடும்.

வியந்தியான் என்னும் பெயருக்குச் சந்தன நகரம் என்று பொருள் கூறுவோரும் உண்டு, சந்திர நகரம் என்போரும் உண்டு. இரண்டுமே நம் செவிக்குப் பழகிய சொற்கள். மன்னர் சேத்தாதிராத் 1566இல் எழுப்பிய தாட் லுவாங் பொன்தூபி காலை வெயிலில் கண்ணைப் பறித்தது. அவரே மரகத புத்தருக்காகக் கட்டிய ஹோ பிரா கேயோ கோயிலில் இன்று மரகத புத்தர் இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் சயாம் படையினர் அச்சிலையைக் கொண்டு சென்றனர். அது இப்போது பாங்காக் அரண்மனை வளாகத்தில் உள்ளது. மாணவர்களுடன் அதை அங்கே வணங்கி வந்த தங்கை, இந்த வெறும் மண்டபத்தில் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

ஊர் சுற்றிக் காட்டியவர் பத்துக்சாய் என்னும் வெற்றி வளைவைச் சுட்டி, விமான நிலையம் கட்ட அமெரிக்கா தந்த சிமெண்டில் எழுந்தது அது என்றார். ஆகவே ‘செங்குத்தான ஓடுபாதை’ என்று ஒரு பட்டப்பெயர். சிரித்தோம். அந்தச் சிரிப்பு பிற்பகல் வரை நீடிக்கவில்லை.

பிற்பகலில் கோப் மையத்துக்குச் சென்றோம். வெடிகுண்டுகளால் ஊனமுற்றோருக்குச் செயற்கை உறுப்புகள் வழங்கும் பணியை விளக்கும் காட்சியகம் அது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளை வீசின. அவற்றுள் கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் ஏறத்தாழ 27 கோடி. சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கின. மக்கள் அவற்றை ‘பொம்பி’ என்கின்றனர். கைக்கடக்கமான பந்து போன்றவை. விளையாட்டுப் பொருள் என்று குழந்தைகள் எடுத்துவிடுகின்றனர். அந்த விமானங்களுள் பல புறப்பட்ட தளங்களுள் ஒன்று உடோன் தானி. அன்றைய தளமே இன்றைய விமான நிலையம்; இரு நாள்களுக்கு முன் நாங்கள் வந்து இறங்கியதும் அங்கேதான். தங்கைக்கு இது புதிய செய்தி. தம் வகுப்பில் படிப்போரின் தாத்தாக்களுள் எத்தனை பேர் அத்தளத்தில் வேலை பார்த்திருப்பர் என்று அவர் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

இனிப் பணம் குறித்து, தொழில் பழக்கத்தால், சிலவற்றைச் சொல்லவேண்டும். லாவோஸ் நாணயமான கிப் 2021இல் டாலருக்கு ஏறத்தாழ 10,000 என்றிருந்தது. 2023 முடிவில் 20,000ஐத் தாண்டியது. அந்நாட்டுக்கு வெளியே அதை மாற்றுவது அரிது. ஆகவே தேவைக்கு மட்டுமே மாற்றினோம். பல கடைகளில் பாட் நோட்டையே பெற்றுக்கொண்டனர். உணவகம் ஒன்றில் அட்டையைக் கொடுத்தபோது, தொகையை ரூபாயில் கணக்கிடவா, கிப்பிலா என்று இயந்திரம் கேட்டது. உள்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுத்தோம். ரூபாய் என்று அழுத்தினால் வணிகரின் வங்கி நிர்ணயிக்கும் மாற்றுவிகிதம் நம் தலையில் விழும். மேலும், 2020 அக்டோபர் முதல் புதிய இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, வாடிக்கையாளர் கேட்டுப் பெற்றால்தான் செயல்படும். ஊரிலிருக்கும்போதே அதைச் சரிபார்த்துக்கொள்வது நன்று.

தங்கை போன்றோர் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. வேலைக்காக வெளிநாடு சென்றவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிறார். அவருடைய பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றவேண்டும். ஊதியத்தை ஊருக்கு அனுப்ப என்ஆர்இ கணக்கு ஏற்றது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. வியந்தியானில் ஆற்றங்கரையோரம் மூங்கில் கூடையில் வந்த ஒட்டரிசிச் சோற்றைப் பிசைந்தபடி இதைச் சொன்னோம். ‘விடுமுறையிலுமா வங்கி?’ என்றார் தங்கை. ஆயினும் மறுநாளே படிவங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

ஞாயிறு மாலை நோங் காய் எல்லையில் வரிசை நீண்டிருந்தது. 2025 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்னணு வருகை அட்டையை மூவரும் முன்னரே நிரப்பியிருந்தோம். அலுவலர் தங்கையின் மறுநுழைவு அனுமதியைப் பார்த்து, அவரது விசாவின் பழைய முடிவு நாளையே மீண்டும் பதித்தார். எங்கள் கடவுச்சீட்டுகளில் சுற்றுலா முத்திரை. பேருந்தில் ஏறியதும் தங்கை மறுநாள் முதல் வகுப்புக்கான வினாத்தாளைத் திருத்தத் தொடங்கிவிட்டார்.