வேலித் தடியும் ஒரு வருமானம்



1983 கலவரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அங்கே எங்கள் காணிக்கு வேலி சீமைக்கிளுவை. 2009இல் கணவரை இழந்தேன். பிறகு இரண்டு பிள்ளைகளோடு வலப்பனையில் இருக்கும் அக்காவிடம் வந்து சேர்ந்தேன். அக்காவின் சிறு தேயிலைக் காணி ஓரத்திலும் அதே மரம் நின்றது. இங்கே அதைக் கிளிரிசீடியா என்கிறார்கள். தெரிந்த முகத்தைக் கண்டது போல இருந்தது.

இந்த வேலி மரத்தைத்தான் 2005இல் அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. காரணம் உண்டு. தடியை ஊன்றினாலே வேர்விடும். வெட்ட வெட்டத் தளிர்க்கும். வேர் மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும். இலை ஆட்டுக்குத் தீனி, தேயிலைக்குப் பசளை. தடியை எரித்து மின்சாரமும் எடுக்கலாம்.

நம் பக்கத்தில் பெரிய தேவை தேயிலைத் தொழிற்சாலைதான். கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு போகும். காட்டை வெட்டாமல் அந்த விறகைக் கொடுக்க வேலிகளால் முடியும். 2022இல் எண்ணெயும் காஸும் இல்லாமல் நாடே தவித்தபோது விறகின் அருமை எல்லோருக்கும் விளங்கியது.

நானும் அக்காவும் காணியைச் சுற்றி இன்னும் அறுபது தடிகள் ஊன்றினோம். முதல் வெட்டை வாங்க வந்தவர் கண்ணால் பார்த்தே ஒரு விலை சொன்னார். வாங்கிக்கொண்டோம். அடுத்த முறை தராசு கேட்டோம். "பச்சை விறகுக்கு என்ன தராசு?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பச்சைத் தடியில் பாதி தண்ணீர்தான். அதன்பின் துண்டு போட்டு, தகரக் கூரையின் கீழ் அடுக்கிக் காயவைத்தோம். நிறுத்து விற்றோம். அந்தக் காசில் இரண்டு ஆடு வாங்கினேன். என் பெயரில் வந்த முதல் உடைமை அது.

இரண்டு விஷயங்களை மறைக்கக் கூடாது. நுவரெலியா போன்ற குளிர்ந்த உயரங்களில் இந்த மரம் செழிக்காது. அங்கே விறகுக்கு நிற்பது பெரும்பாலும் யூகலிப்டஸ். அது ஊற்றை வற்றவைக்கிறது என்று மூத்தவர்கள் குறைசொல்வார்கள். மற்றது, லயத்தில் இருப்பவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. மரம் நட்டவள் ஒருத்தி, வெட்டுபவர் வேறொருவர் என்று ஆகலாம். நடுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

சகோதரிகளே, தனியாகப் போனால் விலையை வாங்குபவர் சொல்வார். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் காய்ந்த விறகை அடுக்கி வைத்தால், விலையை நாமும் பேசலாம். வேலி நம்முடையதாக இருக்கட்டும். தராசும் நம் கண்முன்னே இருக்கட்டும்.